சின்ன அறை, ஒரே ஃப்ளாஷ்: முகம் ஏன் தட்டையாக வருகிறது?

கேள்வி: வீட்டில் 10க்கு 12 அடி அறையை ஸ்டுடியோவாக மாற்றியிருக்கிறேன், சுவரெல்லாம் வெள்ளை. ஒரு ஃப்ளாஷ், 90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ், கிராப் சென்சார் கேமரா, 50 எம்எம் லென்ஸ் இருக்கிறது. எப்படி எடுத்தாலும் முகம் தட்டையாகத் தெரிகிறது, பின்சுவரில் நிழல் வேறு விழுகிறது. அடுத்த வாரம் மாடல் ஒருவர் வருகிறார், அவருக்கும் இதுதான் முதல் தடவை, கண்ணாடி போடுபவர். இன்னொரு லைட் வாங்கிவிடட்டுமா?

பதில்: வேண்டாம், காசை வைத்திருங்கள். உங்கள் அறையில் ஏற்கெனவே தேவைக்கு மேல் லைட் இருக்கிறது, பிரச்சினையே அதுதான். சாஃப்ட்பாக்ஸிலிருந்து, அதாவது ஃப்ளாஷ் முன்னால் மாட்டும் துணிப் பெட்டியிலிருந்து, கிளம்பும் ஒளி முகத்தில் மட்டும் பட்டு நின்றுவிடுவதில்லை, பக்கத்துச் சுவர், எதிர்ச்சுவர், சீலிங் எல்லாவற்றிலும் அடித்துத் திரும்பி வந்து, முகத்தின் நிழல் பக்கத்தை நிரப்பிவிடுகிறது. நிழல் போனால் மூக்கும் கன்ன எலும்பும் எடுப்பாகத் தெரியாது. இந்த நிலையில் இரண்டாவது லைட் வைத்தால் இன்னும் தட்டையாகத்தான் வரும்.

அதனால் முதல் வேலை, ஒரு கறுப்புத் துணி. பளபளப்பில்லாத கெட்டியான துணியாக இருக்கட்டும், பழைய பெட்ஷீட் கூடப் போதும். சாஃப்ட்பாக்ஸுக்கு எதிர்ப்பக்கம், மாடலின் கன்னத்திலிருந்து இரண்டடி தூரத்தில் ஃப்ரேமுக்குள் வராமல் தொங்கவிட்டு, துணியோடு ஒரு படம், இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். நிழல் ரொம்பக் கறுத்துவிட்டால் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வையுங்கள். ஒளியைத் திருப்பி அடிக்கும் ரிஃப்ளெக்டரை எடுக்கும் அவசியம் உங்கள் அறையில் அநேகமாக வராது.

அடுத்தது தூரம். லைட்டிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் ஒளி பாதியாகக் குறையாது, கால் பங்காகிவிடும். இதை வைத்தே பின்சுவரை உங்கள் இஷ்டத்துக்குக் கொண்டுவரலாம். சாஃப்ட்பாக்ஸ் முகத்திலிருந்து 3 அடி, சுவர் சாஃப்ட்பாக்ஸிலிருந்து 6 அடி என்றால் சுவருக்குக் கிடைப்பது முகத்துக்குக் கிடைப்பதில் கால் பங்குதான், வெள்ளைச் சுவர் படத்தில் சாம்பலாக வரும். அதே சாஃப்ட்பாக்ஸைப் பின்னால் இழுத்து முகத்துக்கு 6 அடி, சுவருக்கு 9 அடி என்று வைத்தால் சுவருக்குக் கிட்டத்தட்ட பாதி ஒளி போய்விடும். பக்கத்தில் இருக்கும்போது ஒளியும் மென்மை, ஆகவே பயப்படாமல் கிட்டே கொண்டுவாருங்கள். ஒரே சிக்கல், 3 அடியில் மாடல் அரையடி முன்னால் சாய்ந்தாலே முகத்தில் விழும் ஒளி அரை ஸ்டாப், அதாவது கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆகி, முகம் வெளுத்துவிடும். முதுகு சாயாத ஸ்டூலில் உட்காரவைத்து, ஸ்டூல் கால்கள் இருக்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள்.

அறையை நீளவாக்கில் பயன்படுத்துங்கள்: சுவரிலிருந்து 4 அடி தள்ளி மாடல், அவரிடமிருந்து 5 அடியில் கேமரா, மிச்சம் 3 அடி நீங்கள் நிற்க. பின்சுவர் நிழல் பெரும்பாலும் இதிலேயே ஃப்ரேமுக்கு வெளியே போய்விடும். இந்தத் தூரத்தில் உங்கள் 50 எம்எம் லென்ஸில், கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் தலையிலிருந்து இடுப்புவரை அடங்கும், அது போதும். முழு உருவத்துக்கு ஆசைப்பட்டு வைட் லென்ஸை மாட்டிக்கொண்டு முகத்துக்குக் கிட்டே போகாதீர்கள், மூக்கு முன்னால் வந்து நிற்கும்.

லைட்டை மாடலின் முகத்துக்கு 45 டிகிரி பக்கவாட்டில், கண் மட்டத்துக்கு மேலே, கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். அப்புறம் ஃப்ளாஷில் இருக்கும் மாடலிங் லேம்ப்பை, அதாவது தொடர்ந்து எரியும் சின்ன விளக்கைப் போட்டு மூக்கு நிழலை மட்டும் பாருங்கள். அது வாயோரத்தை நோக்கிச் சரிந்து உதட்டைத் தொடாமல் நின்றால் சரி. லைட்டுக்குத் தூரமாக இருக்கும் கண்ணில் ஒளிப்புள்ளி இல்லையென்றால் லைட் ரொம்ப உயரத்தில் இருக்கிறது, அல்லது ரொம்பப் பக்கவாட்டுக்குப் போய்விட்டது.

கேமராவில் மேனுவல் மோட், ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/160, அப்பர்ச்சர் எஃப் 5.6. முதலில் கேமராவிலிருந்து ஃப்ளாஷை அடிக்கவைக்கும் ட்ரிகரை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள், கிட்டத்தட்ட கறுப்பாக வர வேண்டும். வரவில்லையென்றால் அறை விளக்கு உள்ளே கலக்கிறது, அது தோல் நிறத்தைக் கெடுக்கும். பிறகு ஃப்ளாஷ் பவரை ஏற்றி இறக்கி வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள், ஷட்டரைத் தொடாதீர்கள். சாஃப்ட்பாக்ஸ் மாட்டிய ஸ்டாண்ட் தலைகனத்து நிற்கும், காலில் மணல் மூட்டை போடாமல் யாரையும் அதன் பக்கத்தில் உட்காரவைக்காதீர்கள்.

இதெல்லாம் மாடல் வருவதற்கு முன்பே, வீட்டில் இருக்கும் யாரையாவது உட்காரவைத்து முடித்திருக்க வேண்டும். புதிதாக வருபவர் முன்னால் நீங்கள் லைட்டோடு மல்லுக்கட்டினால், தன் முகத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வார். என்ன உடை, எத்தனை மணி நேரம், பணம் உண்டா, படங்கள் எங்கெங்கே வரும் என்பதை முன்கூட்டியே பேசி எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கூட யாரையாவது அழைத்து வரலாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள், உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறையும் வேண்டும். முடி கலைந்திருந்தால் வாயால் சொல்லுங்கள், கை நீட்டாதீர்கள்.

முதல் பத்து நிமிடப் படங்கள் தேறாது, பழகுவதற்கு என்று விட்டுவிடுங்கள். "இயல்பா இருங்க" என்று சொன்னால் யாரும் இயல்பாக இருக்க மாட்டார்கள், செய்ய ஒரு வேலை கொடுங்கள்: சட்டைக் கையை மடிக்கட்டும், ஜன்னலைப் பார்த்துவிட்டுத் திரும்பட்டும். போஸை வாயால் விளக்குவதைவிட எதிரே நின்று செய்து காட்டுங்கள், இடமா வலமா என்ற குழப்பம் வராது. தாடைக்கோடு தெளிவாக வர, ஆமை மாதிரி கழுத்தை முன்னால் நீட்டித் தாடையைக் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள். செய்பவருக்குக் கேலியாக இருக்கும், ஒரு படத்தைக் காட்டினால் நம்பிவிடுவார். மற்றபடி ஒவ்வொரு க்ளிக்குக்கும் திரையைப் பார்த்து மௌனமாகாதீர்கள், அந்த மௌனம்தான் ஆளை விறைக்கவைக்கும்.

கண்ணாடியில் சாஃப்ட்பாக்ஸ் வெள்ளைக் கட்டமாகத் தெரிந்தால் லைட்டை இன்னும் உயர்த்திப் பக்கவாட்டில் தள்ளுங்கள். போகவில்லையென்றால் கண்ணாடிக் காம்பைக் காதுக்கு மேல் ஒரு விரற்கடை தூக்கி வைக்கச் சொன்னால் கண்ணாடியின் லென்ஸ் கீழ்நோக்கிச் சாயும், பிரதிபலிப்பும் கேமராவை விட்டு இறங்கிவிடும், முன்னாலிருந்து பார்த்தால் காம்பு தூக்கியிருப்பது தெரியாது. அதற்கும் மசியவில்லையா, தலையை அசைக்காமல் கண்ணாடியை மட்டும் கழற்றி இன்னொரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எடிட்டிங்கில் கண் பகுதியை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.