படைக் குடும்பங்களுக்கு வீட்டுக் கடன் ஆலோசனை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிரிட்டனில் வாழும் வாசகர்களிடமிருந்து அண்மையில் வந்த கடிதங்களில் சில, ஆயுதப் படையினருக்கு வீட்டுக் கடன் ஆலோசனை வழங்கும் சுயதொழிலைப் பற்றியே கேட்டிருந்தன. அவற்றை இம்முறை சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: என் கணவர் பிரிட்டிஷ் தரைப்படையில் பணியாற்றுகிறார். கேட்டரிக் முகாமில் படைக் குடியிருப்பில் வசிக்கிறோம். அடிக்கடி இடமாற்றம் வருவதால் என்னால் எந்த வேலையிலும் நிலைக்க முடியவில்லை. வங்கிக் கிளையொன்றில் வேலை பார்த்த அனுபவம் உண்டு. படைக் குடும்பங்களுக்கான வீட்டுக் கடன் ஆலோசகராக நான் தொழில் தொடங்கலாமா?

பதில்: தாராளமாகத் தொடங்கலாம். ஆலோசனையின் பெரும்பகுதி தொலைபேசியிலும் காணொளியிலும் நடந்துவிடுவதால், நீங்கள் எங்கே மாற்றலாகிப் போனாலும் தொழில் உங்களுடனேயே வரும். சைப்ரஸில் பணியில் இருப்பவருக்கும் கேட்டரிக்கிலிருந்தே ஆலோசனை சொல்லலாம்.

ஆனால் 2004 அக்டோபர் 31 முதல் வீட்டுக் கடன் ஆலோசனை என்பது சட்டக் கண்காணிப்புக்கு உட்பட்ட தொழில் என்பதை மனத்தில் கொள்ளுங்கள். இப்போது அந்தப் பொறுப்பு எஃப்.சி.ஏ. எனப்படும் நிதி நடத்தை ஆணையத்திடம் இருக்கிறது. முதற்படி, வீட்டுக் கடன் ஆலோசகருக்கான தகுதித் தேர்வுகளில் பெரும்பாலோர் எழுதும் சீமேப் (CeMAP) தேர்வு. நிதிச் சட்ட விதிகள், வீட்டுக் கடன்கள், வாடிக்கையாளர் நிலைமைகளை அலசித் தீர்வு சொல்லுதல் என்று அதில் மூன்று பகுதிகள் உண்டு. வங்கி அனுபவம் உள்ளவர்கள் முதற்பகுதியை எளிதென்று எண்ணி அலட்சியமாக இருந்துவிடுவதுண்டு. சட்ட விதிகள் அடங்கிய அந்தப் பகுதிக்குத்தான் மனப்பாடமும் அதிகம் தேவைப்படுகிறது.

தேர்வில் தேறியவுடன் ஆலோசனை சொல்லத் தொடங்கிவிட முடியாது. எஃப்.சி.ஏ.யிடம் நேரடியாக அனுமதி பெறுவது ஒரு வழி. ஏற்கெனவே அனுமதி பெற்று, பல ஆலோசகர்களைத் தன் பொறுப்பின் கீழ் இயங்கவிடும் நெட்வொர்க் நிறுவனமொன்றின் நியமனப் பிரதிநிதியாகச் சேர்வது மற்றொரு வழி. புதிதாக வருபவருக்கு இரண்டாவதே பொருந்தும் என்பது என் கருத்து. நேரடி அனுமதி பெற்றால் விதிகளைக் கடைப்பிடிப்பது, அறிக்கைகள் அனுப்புவது, புகார்களைக் கையாள்வது என எல்லாமே உங்கள் தலையில் விழும். நெட்வொர்க்கிலோ, உங்கள் தொடக்கக் கோப்புகளை மேற்பார்வையாளர் ஒருவர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, நீங்கள் திறன் பெற்றுவிட்டீர்கள் என்று ஒப்புதல் தரும் வரை தனியே விடமாட்டார்கள். அது தொல்லையாகத் தோன்றினாலும் அந்த மாதங்களில்தான் தொழில் படியும்.

இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். படைக் குடியிருப்பிலிருந்து தொழில் நடத்துவதற்கு முன்அனுமதி வாங்க வேண்டும். அனுமதி பெற்ற ஆலோசகராக ஆவதற்கு முன்பே, முகாமின் வாட்ஸ்அப் குழுவில் ‘எந்த வங்கியில் கடன் வாங்குவது’ என்று கேட்பவர்களுக்குத் தொழில்முறையில் வழிகாட்டத் தொடங்கிவிடாதீர்கள். அனுமதியின்றி இத்தொழிலை நடத்துவது 2000ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் மற்றும் சந்தைகள் சட்டப்படி குற்றம்.

கேள்வி: தரைப்படையில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றிவிட்டு அடுத்த ஆண்டு விலகுகிறேன். படையில் எனக்குத் தெரியாதவர்கள் குறைவு. அந்த அறிமுகம் இந்தத் தொழிலுக்குப் போதாதா? படிப்புச் செலவுக்கு உதவி கிடைக்குமா?

பதில்: உதவி கிடைக்க வாய்ப்பிருக்கிறது. இ.எல்.சி. எனப்படும் கல்விக் கடன்புள்ளித் திட்டம், மூன்றாம் நிலையும் அதற்கு மேற்பட்டதுமான தகுதிப் படிப்புகளுக்கு உரியது; சீமேப் மூன்றாம் நிலைத் தகுதிதான். எட்டு ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர்கள் ஒரு முறைக்கு 2,000 பவுண்டு வரை, கட்டணத்தில் 80 விழுக்காடு பெறலாம். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிறுவனத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். படைப்பிரிவின் கல்வி அலுவலரிடம் பேசிவிட்டுப் பணம் கட்டுங்கள். கட்டிய பிறகு போய்க் கேட்பதில் பயனில்லை.

அறிமுகம் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது முதல் பத்துப் பேரைக் கொண்டுவரும். அவர்கள் மற்றவர்களிடம் உங்களைப் பற்றிச் சொல்லுவது, படையினரின் சம்பளச் சீட்டை எந்த வங்கி எப்படிப் படிக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அடிப்படைச் சம்பளத்தோடு, படை வாழ்வின் சிரமங்களுக்கு ஈடாகச் சேரும் 14.5 விழுக்காட்டு எக்ஸ்-ஃபாக்டர் தொகையை வருமானமாக ஏற்பதில் பொதுவாகச் சிக்கல் வராது. வெளிநாட்டுப் பணிக்கான படி, பிரிந்திருப்பதற்கான படி, விமானப் பணி அல்லது நீர்மூழ்கிப் பணிக்கான சிறப்பூதியம் ஆகியவற்றை ஒரு வங்கி முழுதும் ஏற்கும். இன்னொன்று பாதியை ஏற்கும். மற்றொன்று தொடவே தொடாது. ஒரே சிப்பாய்க்கு இரண்டு வங்கிகள் சொல்லும் கடன் தொகைகளுக்கிடையே பெரிய இடைவெளி விழுவது இதனால்தான்.

அடுத்து, படையினர் வீடு வாங்க முன்பணம் தரும், 2014இல் தொடங்கிப் பின்னர் நிரந்தரமாக்கப்பட்ட ‘ஃபோர்சஸ் ஹெல்ப் டு பை’ திட்டத்தை விரல்நுனியில் வைத்திருக்க வேண்டும். ஆண்டுச் சம்பளத்தில் பாதி வரை, உச்சவரம்பு 25,000 பவுண்டு, வட்டியில்லாமல், பத்தாண்டுகளில் சம்பளத்திலிருந்து பிடித்தம். 36,000 பவுண்டு வாங்குபவர் 18,000 பவுண்டு எடுத்தால் மாதம் 150 பவுண்டு போகும். வட்டியில்லை என்பதால் அது கடனில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த 150 பவுண்டைச் செலவுக் கணக்கில் சேர்த்துத்தான் பல வங்கிகள் திருப்பிச் செலுத்தும் ஆற்றலை அளக்கின்றன. பணியிலிருந்து விலகும்போது மீதித் தொகையைத் தீர்க்க வேண்டியிருக்கும் என்பதையும், விலகும் எண்ணத்தில் இருப்பவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

பதவி விஷயத்தில் சற்றுக் கவனமாக இருங்கள். நேற்று வரை உங்களுக்கு வணக்கம் செலுத்தியவர் இன்று எதிரே உட்கார்ந்திருக்கும்போது, கடனோடு சேர்த்து நீங்கள் சொல்லும் ஆயுள் காப்பீட்டை வேண்டாமென்று சொல்ல அவருக்கு நா எழாமல் போகலாம். 2023 ஜூலை 31 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் கடமை விதிகள், வாடிக்கையாளருக்கு நல்ல விளைவு கிட்டும் வகையில் நடந்துகொண்டீர்களா என்று உங்களிடம்தான் கேட்கும்.

கேள்வி: முதல் ஆண்டில் என்ன வருமானம் எதிர்பார்க்கலாம்?

பதில்: ஆண்டு வருமானத்தைவிட, முதல் பணம் எப்போது கைக்கு வரும் என்பதையே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வங்கி உங்களுக்குத் தரும் கமிஷன் கடன் தொகையில் ஏறத்தாழ 0.35 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 2,00,000 பவுண்டு கடனுக்கு 700 பவுண்டு. அதில் நெட்வொர்க் கால் பங்கை எடுத்துக்கொண்டால் உங்களுக்கு 525 பவுண்டு, அதுவும் வரிக்கு முன்னால். வீடு கைமாறிய பிறகே அது கிடைக்கும். விண்ணப்பத்திலிருந்து அதற்குச் சில மாதங்கள் ஆகிவிடும். எனவே ஆறு மாத வீட்டுச் செலவைக் கையில் வைத்துக்கொள்ளாமல் வேலையை விடவேண்டாம் என்பேன்.

ஆயுள் காப்பீட்டுக் கமிஷன் இதைவிட விரைவாகவும் அதிகமாகவும் வருவதால் புதியவர்கள் அதன்மீது சாய்ந்துவிடுகிறார்கள். வாடிக்கையாளர் சில ஆண்டுகளுக்குள் பிரீமியம் கட்டுவதை நிறுத்தினால் கமிஷனின் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும். செலவழித்த பணத்தைத் திருப்பிக் கொடுப்பது யாருக்கும் எளிதல்ல. வரியும் அப்படித்தான். சுயதொழில் செய்பவர் ஜனவரி 31க்குள் சென்ற ஆண்டு வரியைச் செலுத்தும்போது, வரி ஓர் அளவுக்கு மேலிருந்தால், நடப்பு ஆண்டுக்கான முன்பணமாக அதில் பாதியையும் சேர்த்தே கட்ட நேரிடும். வந்த பணத்தில் ஒரு பகுதியைத் தனிக் கணக்கில் ஒதுக்காதவர்களை முதலில் திகைக்க வைப்பது அந்த ஜனவரிதான்.

கேள்வி: படையோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர் இதில் ஈடுபடலாமா?

பதில்: ஈடுபடலாம், சட்டத்தில் தடையில்லை. சம்பளச் சீட்டையும் ஓய்வூதியத் திட்டங்களையும் பொறுமையாகப் படித்தால் போதும்.

கேள்வி: காமன்வெல்த் நாட்டிலிருந்து வந்து படையில் சேர்ந்த என் தம்பியின் கடன் விண்ணப்பத்தை ஒரு வங்கி நிராகரித்துவிட்டது. இப்படிப்பட்டவர்களுக்கு ஆலோசகர் என்ன செய்ய முடியும்?

பதில்: நிறையச் செய்ய முடியும். பணியில் இருக்கும் வரை இவர்கள் குடியேற்றக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குப் பெற்றவர்கள்; வழக்கமான விசா இருக்காது. விசா எண்ணையும் காலாவதித் தேதியையும் கேட்கும் படிவத்தின் முன் இது குறைபாடாகத் தெரிகிறது. விலக்கு நிலையை ஏற்கும் வங்கி எது என்று விண்ணப்பத்துக்கு முன்பே உறுதி செய்துகொள்வது ஆலோசகரின் வேலை. நிராகரிப்புக்குப் பின் வெவ்வேறு இடங்களில் விண்ணப்பித்துக்கொண்டே போனால் கடன் வரலாற்றில் வங்கிகள் தேடிப் பார்த்த பதிவுகள் குவிந்து, அடுத்த விண்ணப்பத்துக்கும் இடைஞ்சலாகிவிடும்.

கடன் வரலாற்றையும் தனியே பாருங்கள். பி.எஃப்.பி.ஓ. எனப்படும் படை அஞ்சல் முகவரியும் அடிக்கடி மாறிய இருப்பிடங்களும் இருந்தால், கடன் தகவல் நிறுவனங்களின் பதிவில் இடைவெளிகள் காணப்படும். வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்ப்பதும், வங்கிக் கணக்கு, கைபேசி ஒப்பந்தம் ஆகிய எல்லாவற்றிலும் ஒரே முகவரியைப் பதிவு செய்வதும் பெரிதும் உதவும். நான்கு ஆண்டுகள் பணியாற்றியவர்கள் விலகும்போது நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். 2022 ஏப்ரல் முதல், ஆறு ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியிருந்தால் அதற்குக் கட்டணமும் இல்லை. உங்கள் தம்பி அந்தக் கட்டத்தை நெருங்கியிருந்தால் அதையும் ஆலோசகரிடம் தெரிவிக்கச் சொல்லுங்கள். நிரந்தரக் குடியிருப்பு உரிமை கிடைத்தபின் தேர்ந்தெடுக்கக்கூடிய வங்கிகளின் எண்ணிக்கை கூடிவிடும்.