கையெழுத்து வாங்கிய பிறகும் "இது இல்லையே" என்கிறார்கள்

வணக்கம் சார்,

மதுரையில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் பிசினஸ் அனலிஸ்டாக இருக்கிறேன். மூன்று கிளைகள் உள்ள ஒரு மருந்துக்கடைக்கு பில்லிங், ஸ்டாக் சாஃப்ட்வேர் செய்கிறோம். முதலாளியோடு பல நாள் உட்கார்ந்து பேசி, எண்பது பக்கத்துக்கு எஸ்.ஆர்.எஸ். (சாஃப்ட்வேர் என்னென்ன செய்ய வேண்டும் என்ற தேவை ஆவணம்) எழுதி, கையெழுத்தும் வாங்கினேன். இப்போது கடையில் ஓட்டிப் பார்த்தால், சரக்கு கையில் இருக்கிறது, சாஃப்ட்வேர் ஸ்டாக் இல்லை என்கிறது, பில்லே போட முடியவில்லை என்கிறார்கள் கவுன்டர் பையன்கள். பர்ச்சேஸ் என்ட்ரி இல்லாமல் விற்கக் கூடாது என்று சொன்னதே முதலாளிதான். பக்க எண்ணோடு காட்டினேன், அவரும் கட்சி மாறிவிட்டார். போதாததற்கு பில் வாட்ஸ்அப்பில் போக வேண்டும், கிளைக்குக் கிளை சரக்கு மாற்ற வேண்டும் என்று புதுசு புதுசாக வேறு கேட்கிறார்கள். என் மேனேஜரோ இந்தக் காலத்தில் எஸ்.ஆர்.எஸ். எழுதியதே தப்பு, அஜைலில் (கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து காட்டித் திருத்திக்கொண்டே போகும் முறையில்) போயிருக்க வேண்டும் என்கிறார். தேவையை முதலிலேயே முழுசாக வாங்க வழியே இல்லையா? (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள நண்பருக்கு,

எண்பது பக்கம் எழுதியதில் தப்பில்லை, எண்பதையும் ஒரே ஆளிடம் கேட்டு எழுதியதுதான் பிரச்சினை. முதலாளி பொய் சொல்லவில்லை. கடை எப்படி நடக்க வேண்டும் என்று நினைக்கிறாரோ அதைச் சொன்னார். எப்படி நடக்கிறது என்பது கவுன்டரில் நிற்கிறவருக்குத்தான் தெரியும், அவர் உங்கள் கடிதத்தில் முதன்முதலாகத் தலைகாட்டுவதே சோதனை ஓட்டத்தில்தான்.

பெரும்பாலான மருந்துக்கடைகளில் நடப்பது இது. காலையில் ஏஜென்சி ஆள் பெட்டியை இறக்கி, இன்வாய்ஸை வைத்துவிட்டுப் போய்விடுவார். என்ட்ரி போடுகிறவர் மத்தியானம்தான் உட்காருவார். அதற்குள் ஒருவர் டாக்டர் சீட்டோடு வந்து நிற்பார், மருந்து அந்தப் பெட்டியில்தான் இருக்கும். பெட்டியைப் பிரித்து எடுத்துக் கொடுத்துவிட்டு, ஒரு துண்டுச்சீட்டில் குறித்து கல்லாவில் செருகிக்கொள்வார்கள், பில் அப்புறம். இன்னொன்று, 15 மாத்திரை அட்டையில் நாலு மட்டும் போதும் என்பார்கள். கத்தரித்துக் கொடுத்தால் பேட்ச் நம்பரும் எக்ஸ்பயரியும் அச்சடித்த முனை எந்தத் துண்டோடு போனது? மிச்சம் டப்பாவில் விழும், அடுத்த வாரம் அதை விற்கும்போது பில்லில் எந்த பேட்சை அடிப்பது? உங்கள் எண்பது பக்கத்தில் இதற்குப் பதில் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

சொல்லவே மாட்டாத தேவைகளும் உண்டு. அரசு தனியாகக் கட்டுப்படுத்தும் ஹெச்-1 பட்டியல் மருந்துகளை விற்றால் டாக்டர் பெயர் விலாசம், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது 2014 மார்ச்சிலிருந்து விதி. கடைக்காரர் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். மறைக்கிறார் என்றில்லை, இது தெரியாத மனுஷன் மருந்துக்கடை சாஃப்ட்வேர் எழுத வருவான் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது.

இதே கதை 1992-ல் லண்டன் ஆம்புலன்ஸ் சேவையில் நடந்தது. அதுவரை எல்லாம் காகிதம்தான். அழைப்பை எடுப்பவர் படிவத்தில் எழுதி, மேப் புத்தகத்தில் இடம் பார்ப்பார், படிவம் கன்வேயர் பெல்ட்டில் போகும், ஒதுக்கீட்டாளர் எந்த வண்டி பக்கத்தில் இருக்கிறதென்று பார்த்து முடிவு செய்வார், ரேடியோவிலோ போனிலோ தகவல் போகும். ஒரு நாளைக்கு இரண்டாயிரத்துக்கு மேல் அழைப்புகள். இதையெல்லாம் கம்ப்யூட்டர் செய்யும், வண்டியையும் அதுவே ஒதுக்கும் என்று திட்டம். ரெக்வயர்மென்ட் ஆவணம், அதாவது அவர்களுடைய எஸ்.ஆர்.எஸ்., ஒன்றும் அரைகுறை இல்லை. பிறகு விசாரித்த குழுவே அது மிக விரிவானது, இப்படித்தான் ஓட வேண்டும் என்று துல்லியமாக விதிக்கிறது என்று எழுதியது. ஆனால் ஆம்புலன்சில் வேலை செய்கிறவர்களுக்கு அதை எழுதியதில் பெரிய பங்கில்லை.

அந்த ஆவணம் முழுக்க ஒரே நம்பிக்கையின் மேல் நின்றது. எந்த வண்டி எங்கே நிற்கிறது, சும்மா இருக்கிறதா வேலையில் இருக்கிறதா என்பது சிஸ்டத்துக்கு எப்போதும் சரியாகத் தெரிந்திருக்கும் என்பதுதான் அது. அக்டோபர் 26-ம் தேதி ஓட விட்டார்கள். வண்டியில் இருந்தவர்கள் தங்கள் நிலவரத்தைச் சொல்லும் பட்டனைத் தப்பாக அமுக்கினார்கள், சில சமயம் அமுக்கவே இல்லை. சில இடங்களில் ரேடியோ எடுக்கவில்லை. ஒதுக்கிய வண்டியை விட்டு வேறு வண்டியில் கிளம்பினார்கள். சிஸ்டம் ஒரே இடத்துக்கு இரண்டு வண்டி அனுப்பியது, எச்சரிக்கைச் செய்திகள் திரையில் குவிந்து பார்ப்பதற்குள் நகர்ந்து மறைந்தன, வண்டி வரவில்லையே என்று ஜனங்கள் மறுபடி போன் செய்ய, அழைப்புகள் இன்னும் ஏறின. மறுநாளே பாதிக்குப் பாதி கையால் செய்யும் முறைக்குத் திரும்பினார்கள், தலைமை நிர்வாகி அதற்கடுத்த நாள் ராஜினாமா. நவம்பர் 4 அதிகாலை சிஸ்டம் நிஜமாகவே படுத்துவிட்டது. அது கோடிங்கில் நடந்த தவறு, எடுத்த மெமரியைத் திருப்பிக் கொடுக்காத ஒரு சின்னத் துண்டு கோட், அதை விடுங்கள். அக்டோபர் 26, 27 பற்றி விசாரணை அறிக்கை சொல்வதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த இரண்டு நாளும் கம்ப்யூட்டர் பழுதாகவில்லையாம், மெதுவானது உண்டு, மற்றபடி எதற்காக வடிவமைத்தார்களோ அதைத்தான் செய்ததாம். உங்கள் சாஃப்ட்வேரும் அப்படித்தான், பக்க எண் மாறாமல் ஓடுகிறது.

அதனால் "உங்களுக்கு என்ன வேண்டும்" என்று கேட்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். "கடைசியாக இது எப்போது சொதப்பியது, அன்றைக்கு எப்படிச் சமாளித்தீர்கள்" என்று கேளுங்கள், கொட்டுவார்கள். மாலை ஏழு மணிக் கூட்டத்தில் கவுன்டருக்கு உள்பக்கம் போய் நில்லுங்கள். கல்லாவில் செருகிய துண்டுச்சீட்டு, பாக்கி நோட்டு, ரத்து செய்த பில் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். பழைய சாஃப்ட்வேரை ஒதுக்கிவிட்டு எங்கெல்லாம் காகிதத்தில் எழுதுகிறார்களோ அங்கெல்லாம் உங்களுக்கு வேலை இருக்கிறது.

முதலாளி ஒரு விதி சொன்னால், எதற்கு என்று ஒரு கேள்வி கேளுங்கள். பர்ச்சேஸ் என்ட்ரி இல்லாமல் விற்கக் கூடாது என்றவருக்கு உள்ளுக்குள் இருந்த பயம் சரக்கு கணக்கில்லாமல் வெளியே போய்விடுமோ என்பதாகத்தான் இருக்கும். அப்படியானால் எழுத வேண்டியதே வேறு. என்ட்ரி ஆகாத சரக்கை அட்டையைப் பார்த்து பேட்ச், எக்ஸ்பயரி, எம்.ஆர்.பி. அடித்து விற்கலாம், அந்த வரி நிலுவையில் நிற்கும், என்ட்ரி வந்ததும் இரண்டும் பொருந்தும், இரவு கணக்கு முடிக்கும்போது பொருந்தாதவை முதலாளி திரைக்கு வரும். இப்படி எழுதினால் கவுன்டரில் இருப்பவரே ஒரு பெட்டியை வைத்து, சரியா தப்பா என்று பார்த்துச் சொல்லிவிடலாம். "சிஸ்டம் வேகமாகவும் எளிதாகவும் இருக்க வேண்டும்" போன்ற வாக்கியத்தை யாரும் அப்படிப் பார்க்க முடியாது, எடுத்துவிடுங்கள்.

மேனேஜர் சொல்லும் அஜைல்: 2001-ல் அஜைல் கொள்கை அறிக்கையை (மேனிஃபெஸ்டோ) எழுதியவர்கள், விரிவான ஆவணத்தைவிட ஓடுகிற மென்பொருளுக்கு மதிப்பு அதிகம் என்றார்கள், எழுதவே வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை முதலாளியிடம் மட்டுமே டெமோ காட்டியிருந்தால் இப்போதும் இதே இடத்தில்தான் நிற்பீர்கள். கவுன்டரில் காட்டியிருந்தால் முதல் டெமோவிலேயே மாட்டியிருக்கும், அந்த அளவுக்கு அவர் சொல்வது சரி.

இப்போது செய்ய வேண்டியது, கையெழுத்துப் பக்கத்தைக் காட்டிச் சண்டை போடாதீர்கள். ஸ்டாக் விஷயத்தைக் காசு கேட்காமல் செய்து கொடுங்கள், அது நீங்கள் பார்த்திருக்க வேண்டியது. வாட்ஸ்அப் பில் சுத்தமாகப் புதுசு, அதற்கு சேஞ்ச் ரிக்வெஸ்ட் (ஒப்பந்தத்தில் இல்லாத புது வேலைக்கான தனிக் கோரிக்கை) போட்டு விலை சொல்லுங்கள், கூச்சமே வேண்டாம். கிளை மாற்றம்தான் இழுபறி. மூன்று கிளை என்று தெரிந்தே எடுத்த வேலை, எனவே சரக்கு ஒரு கிளையில் கழிந்து இன்னொன்றில் ஏறுவது வரைக்கும் உங்கள் பொறுப்பு. வழியில் இருக்கும் சரக்கு, குறைந்து வந்து சேர்ந்தால் யார் கணக்கு என்பதெல்லாம் வேண்டுமென்றால் பேசி ஒரு தொகை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் பேசுவதற்கு முன்னால் ஒரு தடவை சரக்கு கொண்டு போகிறவரோடு அவர் வண்டியிலேயே போய்விட்டு வாருங்கள்.