வீட்டுப் பராமரிப்பாளர்களுக்குத் தொழில் பரிசோதனையால் பலன் உண்டா?

கேள்வி சுருக்கமாக: இலங்கையின் வடக்கே கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஒரு நிறுவனத்துக்காக வீடு வீடாய்ப் போய் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களையும் முதியவர்களையும் பார்க்கிறோம். தொழில் திணைக்களம் பரிசோதனைக்கு வந்தால் எங்கள் நாரி (கீழ்முதுகு) நோவுக்கு விடிவு வருமா?

சம்பளப் பக்கம் மாறலாம். நாரி தானாய் மாறாது.

உத்தியோகத்தர் பார்ப்பது அலுவலகத்து ஏடுகளைத்தான்: வரவுப் பதிவு, சம்பளச் சிட்டை, ஓய்வுக்காலத்துக்குச் சேரும் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் 8 வீதம், நிறுவனத்தின் 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நிறுவனத்தின் 3 வீதம். சம்பளத்தைத் 'தொண்டர் கொடுப்பனவு' என்று எழுதியிருந்தால் அங்கேயே கேள்வி வரும். வீட்டுக்காரரே நேரடியாக உங்களை வைத்திருந்தால் வீட்டு வேலையாள் கணக்கு. சேமலாப நிதி எட்டாது.

நாரி முறிவது கட்டிலடியில். 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் அந்த அறைக்குள் வராது. ஆகவே அறையைக் கடதாசியில் அலுவலகத்துக்குக் கொண்டுவர வேணும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள்: நோயாளியின் நிறை, கட்டிலின் உயரம், கட்டில் சுவரோடு ஒட்டியிருக்கிறதா, தூக்க இரண்டாவது ஆள் உண்டா, ஒரு நாளில் எத்தனை தரம் புரட்டுகிறீர்கள்.

நிறை ஏன் முக்கியம்? நோயாளியைக் கையால் தூக்க, நல்ல நிலையில் நின்றாலும், 16 கிலோதான் எல்லை என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. 60 கிலோ ஆளின் இரண்டு கால்களும் சேர்ந்தே 19 கிலோ வரும். அப்போ தனியே தூக்கச் சொல்வதே பிழை என்று காட்டத் தாள் போதும்.

கட்டிலை உங்கள் இடுப்பளவுக்கு உயர்த்தினால் குனிவது குறையும். ஆனால் மரக்கட்டை வைத்து நிரந்தரமாய் உயர்த்தினால், சக்கர நாற்காலிக்குத் தானே மாறிய ஆளும் உங்களை நம்பியிருக்க வேண்டிவரும். கட்டிலும் நாற்காலி இருக்கையும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் அவர் நகரலாம். கைபிடி சுற்றி ஏற்றி இறக்கும் கட்டிலைத்தான் கேளுங்கள். நோயாளியைக் கட்டிலில் இழுக்க, வழுக்கும் நைலோன் விரிப்பு இரண்டு மடிப்பாய்ப் போதும். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேணும். விட்டால் ஆள் வழுகிக் கீழே போவார், தோல் உராய்ந்து படுக்கைப் புண் தொடங்கும்.

பயண நேரத்தையும் எழுதுங்கள், இதை ஒருவரும் கேட்பதில்லை. காலை விசுவமடு, அடுத்தது புதுக்குடியிருப்பு என்றால் இடையில் ஏ35 வீதியில் ஓடும் நேரம் எவர் கணக்கிலும் இல்லை. அந்த நேரத்தைப் பிடிக்க அடுத்த வீட்டில் அவசரப்பட்டுத் தனியே தூக்குகிறீர்கள். நாரி நோவில் பாதி இந்த நேர அட்டவணையின் வேலை என்பது என் எண்ணம்.

இன்சுலின் ஊசி போடும் வீடு என்றால் பாவித்த ஊசியைப் போடத் தடித்த பிளாஸ்டிக் போத்தல் ஒன்று, ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடாத பழக்கம், செப்பமாய் 0, 1, 6ஆம் மாதங்களில் மூன்று ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி. செலவு நிறுவனத்துடையது என்று எழுத்தில் வாங்கி, அந்தக் கடிதத்தையும் தாள்களோடு கோவையில் வைத்துவிடுங்கள். உத்தியோகத்தர் வரும் நாளில் நீங்கள் ஏதோ ஒரு வீட்டில் நிற்பீர்கள்.