பாங்காக்கில் நால்வர்: செலவை எண்ணிச் செய்ய சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: நண்பர்கள் நால்வர் முதுகுப் பையோடு ஐந்து இரவு பாங்காக் போகிறோம். தங்குவது காவோ சான் சாலைப் பக்கம். சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து ரயில்தான் மலிவு, டாக்சி ஏறினால் ஏமாற்றுவார்கள் என்கிறார்களே?

பதில்: ஒற்றை ஆளுக்குச் சொன்ன யோசனை அது. நாலு பேர் போகும்போது எந்த விலையையும் நாலால் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் மலிவு என்று சொல்ல வேண்டும்.

முதலில், காவோ சானுக்கு ரயிலே கிடையாது. விமான நிலைய ரயில் பயா தாய் வரை போகும். தலைக்கு 45 பாட் (தாய்லாந்துப் பணம்), அரை மணி நேரம். அங்கிருந்து மறுபடி பஸ்ஸோ டாக்சியோ பிடிக்க வேண்டும். பகலில் இறங்கினால் எஸ்1 பஸ் நல்லது. முதல் தளத்தில் 7ஆம் வாயில் அருகே நிற்கும், தலைக்கு 60 பாட், நேரே காவோ சான். நால்வருக்கு 240. இரவு எட்டுக்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

இரவிலோ விடியற்காலையிலோ இறங்கினால் மீட்டர் டாக்சிதான் சரி. முதல் தளத்து இயந்திரத்தில் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும். அதில் உள்ள எண்ணுக்குரிய இடத்தில் வண்டி நிற்கும். மீட்டர் 35 பாட் என்று தொடங்கும். விமான நிலையக் கட்டணம் 50 பாட் தனி. விரைவுச் சாலையில் போனால் 25, 50 என இரண்டு இடத்தில் டோல்; அதை நீங்கள்தான் கொடுக்க வேண்டும், அது ஏமாற்று அல்ல. எல்லாம் சேர்ந்து 400 முதல் 500 பாட் ஆகும், தலைக்கு நூற்றுச் சொச்சம். மீட்டர் போடாமல் "எழுநூறு" என்று மொத்தமாகக் கேட்பதுதான் ஏமாற்று. பைகளை டிக்கியில் ஏற்றும் முன்பே மீட்டர் போடச் சொல்லுங்கள். ஏற்றிய பிறகு பேரம் ஓட்டுநர் கைக்குப் போய்விடும். சீட்டை உடனே படம் எடுத்து வையுங்கள், புகார் கொடுக்க அதுதான் ஆதாரம்.

இன்னொன்று. அங்கே பல டாக்சிகளின் டிக்கியில் பாதியை எரிவாயு உருளை அடைத்துக்கொண்டிருக்கும். 40 லிட்டர் பை நாலு உள்ளே போகாது, இரண்டு மடியில்தான். பைகள் பெரிதாக இருந்தால் வரிசையிலேயே பெரிய வண்டி கேளுங்கள். டிக்கெட்டில் டான் முவாங் என்று போட்டிருந்தால் அது வேறு விமான நிலையம். அங்கிருந்து காவோ சானுக்கு ஏ4 பஸ், 50 பாட்.

கேள்வி: ஹாஸ்டலில் பொது அறைப் படுக்கை 400 பாட். பக்கத்து விடுதியில் இருவர் அறை 750. எது எடுக்கலாம்?

பதில்: நாலு படுக்கை 1,600, இரண்டு அறை 1,500. அறையை எடுங்கள், பூட்டிய கதவும் கிடைக்கிறது. ஆனால் திரையில் முதலில் தெரியும் விலையை வைத்து முடிவெடுக்காதீர்கள். 7 சதவீத வாட் வரியும் 10 சதவீத சேவைக் கட்டணமும் கடைசிப் பக்கத்தில் சேரக்கூடும். ஏசி நாள் முழுவதுமா, இரவு மட்டுமா என்பதைத் தங்கியவர்கள் எழுதியதில் தேடிப் பாருங்கள். ஏப்ரல் வெயிலில் இது சின்ன விஷயமல்ல. பணம் திரும்பாத முன்பதிவு என்றால் முதல் இரண்டு இரவுக்கு மட்டும் போடுங்கள். பொது அறைதான் என்று முடிவானால் ஆளுக்கொரு சிறு பூட்டு கொண்டுபோங்கள். பல இடங்களில் லாக்கர் இருக்கும், பூட்டு இருக்காது.

கேள்வி: தாய்லாந்து வருகை அட்டை நிரப்ப ஒரு தளம் பணம் கேட்கிறது. கட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம். 2025 மே 1 முதல் கட்டாயமான டிஜிட்டல் வருகை அட்டைக்குக் கட்டணமே கிடையாது. போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் குடியேற்றத் துறையின் சொந்தத் தளத்தில் ஆளுக்கொன்று நிரப்பினால் போதும். தேடலில் மேலே விளம்பரமாக வருபவை பெரும்பாலும் இடைத்தரகர்கள். தாய்லாந்து அரசுத் தள முகவரி "ஜிஓ புள்ளி டிஹெச்" என்று முடியும். இல்லையென்றால் பாஸ்போர்ட் எண்ணைத் தட்டாமல் வெளியே வந்துவிடுங்கள்.

கேள்வி: பணமாகக் கொண்டுபோவதா, ஏடிஎம்மில் எடுப்பதா?

பதில்: வெளிநாட்டு அட்டைக்கு அங்குள்ள ஏடிஎம்கள் ஒவ்வொரு முறையும் 220 பாட்டோ அதற்கு மேலோ பிடிக்கும். 2,000 பாட் எடுத்தால் 11 சதவீதம் அதிலேயே போகும். 20,000 எடுத்தால் 1 சதவீதம்தான். ஆகவே நால்வரும் தனித்தனியே எடுக்காமல், ஒருவர் அட்டையில் ஒரே முறை பெரிய தொகையாக எடுத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து, தினசரி வரம்பையும் ஏற்றி வையுங்கள். இதைச் செய்யாததால்தான் பலருக்கு அங்கே அட்டை வேலை செய்வதில்லை.

திரையில் "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா?" என்று கேட்கும். மறுத்துவிட்டு பாட் கணக்கிலேயே தொடருங்கள். ரூபாயில் காட்டும் தொகை கண்ணுக்கு வசதி. அதன் மாற்று விகிதம் உங்கள் வங்கி தருவதைவிட மோசம். கடையில் அட்டை தேய்க்கும்போதும் இதே கேள்வி, இதே பதில்.

ரொக்கமாகக் கொண்டுபோனால், மடிப்பு விழாத 100 டாலர் தாளுக்கு நல்ல விலை கிடைக்கும். சுவர்ணபூமியில் வெளியே வரும் கூடத்தில் மாற்றாமல், அடித்தளத்தில் ரயில் நிலையம் அருகே உள்ள மாற்றகங்களில் விலை கேளுங்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

கேள்வி: அரண்மனை வாசலில் "இன்று மூடியிருக்கிறது, 20 பாட்டுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறேன்" என்ற டுக்டுக் ஆட்டோவில் ஏறி, ஒரு நகைக்கடையில் நீலக்கல் வாங்கிவிட்டோம். திருப்பித் தர முடியுமா?

பதில்: அரண்மனை அநேகமாக மூடியிருக்காது, 500 பாட் டிக்கெட் விற்கும் கவுன்டர் உள்ளே இருக்கிறது, அங்கே போய்ப் பார்த்தால்தான் உண்மை தெரியும். 20 பாட் சவாரிக்கு ஓட்டுநரின் வருமானம் கடை தரும் கமிஷன். "ஊரில் இரட்டை விலைக்கு விற்கலாம்" என்று கடைக்காரர் சொல்லியிருந்தால் அதுவும் பொய்.

இப்போது நேரம்தான் முக்கியம். கல்லைத் தபாலில் அனுப்புவதாகச் சொன்னால் நிறுத்துங்கள். கையை விட்டுப் போனால் திருப்பித் தருவது கடினம். பில், கல், உறை மூன்றையும் கலைக்காமல் 1155 என்ற சுற்றுலாக் காவல்துறை எண்ணுக்கு அழைத்து, முடிந்தால் அன்றே அவர்களோடு கடைக்குப் போங்கள். முழுப் பணமும் வரும் என்று உறுதி சொல்ல முடியாது. அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடமும் அன்றே எழுத்தில் புகார் பதியுங்கள்.

கேள்வி: எங்களில் இருவர் சுத்த சைவம். மலிவாக என்ன சாப்பிடுவது?

பதில்: "காய்கறி மட்டும்" என்று சொன்னால் போதாது, கீரைப் பொரியலிலும் மீன் சாறு விழும், பப்பாளி சாலட்டில் காய்ந்த இறால் இருக்கும். சொல்ல வேண்டிய சொல் "ஜே". கடை முகப்பில் மஞ்சள் துணியில் சிவப்பாக, பார்க்க 17 என்ற எண் போலவே இருக்கும் எழுத்து அது. அங்கே மீன் சாறு, முட்டை, பால், ஏன், பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது. அசோக் ரயில் நிலையத்தை ஒட்டிய டெர்மினல் 21 வணிக வளாகத்தின் ஐந்தாம் தள உணவுக் கூடத்தில் விலை குறைவு. முதலில் அட்டையில் பணம் ஏற்றித்தான் சாப்பிட வேண்டும். நால்வருக்கு ஒரே அட்டை வாங்கி, கிளம்பும்போது மீதியைக் கவுன்டரில் திரும்ப வாங்கிவிடுங்கள்.

கேள்வி: பிரதுநாம் துணிச் சந்தையில் துணி வாங்கினால் பேரம் பேசலாமா?

பதில்: பேரத்தைவிட எண்ணிக்கைக்குத்தான் அங்கே மதிப்பு. பல கடைகளில் ஒன்று எடுத்தால் ஒரு விலை, மூன்று எடுத்தால் மொத்த விலை. நால்வரும் ஒரே கடையில் சேர்ந்து எடுங்கள். போட்டுப் பார்க்கப் பெரும்பாலும் விடமாட்டார்கள், மாற்றியும் தரமாட்டார்கள். உங்களுக்குச் சரியாகப் பொருந்தும் சட்டையின் மார்பகலத்தை வீட்டிலேயே அளந்து குறித்துக்கொண்டு, அங்கே தைத்த துணியில் நாடா வைத்துப் பார்த்து வாங்குங்கள்.