மறைப்பதும் ஏமாற்றுவதும்

அன்புள்ள ஐயா,

நான் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. என் மாணவிகள் ஆங்கில இளையோர் த்ரில்லர்களை மேசைக்கடியில் வைத்துப் படிக்கிறார்கள். தமிழில் அப்படி ஒன்றை எழுதிப் பார்க்கத் தொடங்கினேன். விடுதியில் தங்கிப் படிக்கும் பதினாறு வயதுப் பெண்தான் கதைசொல்லி. அவளுடைய அறைத்தோழி ஓரிரவு மாடியிலிருந்து விழுந்து இறந்துவிடுகிறாள். ‘அன்றிரவு நான் சீக்கிரமே தூங்கிவிட்டேன்’ என்கிறாள் கதைசொல்லி. ஏதோ சின்னச் சண்டையில் மொட்டைமாடிக் கதவைத் தாழிட்டதே அவள்தான், தோழி சன்ஷேடு வழியாக இறங்க முயன்று விழுந்தாள் என்பது கடைசி அத்தியாயத்தில் தெரியவருகிறது. அவளுக்குப் பிளவுபட்ட ஆளுமை என்று மருத்துவர் விளக்குவதோடு நாவல் முடிகிறது. இதைப் படித்துப் பார்த்த என் தோழி ஒருவர், ‘ஏமாற்றிவிட்டாய்’ என்றார். த்ரில்லர் என்றாலே ஏமாற்றுவதுதானே? இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இவ்வளவு இருட்டைக் கொடுக்கலாமா என்ற தயக்கமும் இருக்கிறது. பிரதியை இணைத்திருக்கிறேன்.

(பெயர் வேண்டாம்), மன்னார்குடி

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் தோழி சொன்னதுதான் சரி. வாசகரிடமிருந்து எதை வேண்டுமானாலும் மறைக்கலாம். ஆனால் கதைசொல்லி பொய் சொன்னால், அந்தப் பொய் அவளுக்குத் தேவைப்பட்டதாக இருக்க வேண்டும். ‘சீக்கிரமே தூங்கிவிட்டேன்’ என்பது உங்களுக்குத் தேவைப்பட்ட பொய். வார்டனிடம் சொல்லியிருந்தால் புரிகிறது. யாரும் கேட்காதபோது, தன் மனசுக்குள் பேசிக்கொள்ளும் பக்கத்தில் அவள் ஏன் அதைச் சொல்ல வேண்டும்?

ராபர்ட் கார்மியர் 1977இல் வெளியிட்ட ‘ஐ ஆம் த சீஸ்’ நாவலைத் தேடிப் படியுங்கள். முடிவையும் சொல்லப்போகிறேன். வேண்டாதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம். தாண்டாவிட்டாலும் பெரிய நட்டமில்லை என்பது என் கட்சி.

ஆடம் என்ற பையன் மாசசூசெட்ஸிலிருந்து வெர்மான்ட்டுக்கு சைக்கிளில் கிளம்புகிறான். அங்கே மருத்துவமனையில் இருக்கும் அப்பாவைப் பார்க்க வேண்டும். மேலே அப்பாவின் பழைய ஜாக்கெட், சைக்கிள் கூடையில் அவருக்காக ஒரு பொட்டலம். இடையிடையே ஒலிநாடாப் பதிவுகள் வருகின்றன. யாரோ அவனைக் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அப்பாவின் மேசை இழுப்பறையைத் திறந்த நாள் அவனுக்கு நினைவுக்கு வருகிறது. உள்ளே அவனுடைய பிறப்புச் சான்றிதழ்கள் இரண்டு. ஒன்றில் பிப்ரவரி 14, மற்றொன்றில் ஜூலை 14. வியாழன்தோறும் அம்மா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு யாருடனோ தொலைபேசியில் பேசுகிறாள். அப்பா சொன்ன சாட்சியத்தால் குடும்பமே பெயரை மாற்றிக்கொண்டு ஒளிந்து வாழ்ந்தது பிறகு தெரிகிறது. கடைசியில்தான் இடி. சைக்கிள் எந்த ஊருக்கும் போகவில்லை. அவன் அடைத்துவைக்கப்பட்டிருக்கும் மருத்துவமனையின் வளாகத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறான். வழியில் பார்த்த முகங்களெல்லாம் அங்கே இருப்பவர்களின் முகங்கள்.

அவன் நம்மிடம் ஒரு வரிகூடப் பொய் சொல்லவில்லை. போய்க்கொண்டிருப்பதாகத்தான் அவன் நம்புகிறான். அதனால்தான் முடிவு தெரிந்த பிறகும் அந்த நாவலைத் திரும்பப் படிக்க முடிகிறது. இரண்டாம் முறை அந்தச் சைக்கிள் பயணம் முதல் தடவையைவிட அதிகமாக வலிக்கிறது. நம் மாத நாவல்களில் கடைசிப் பக்கத்தைத் தெரிந்துகொண்டவர் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடுவார். (அவற்றையும் விழுந்து விழுந்து படித்தவன்தான் நான், குறையாகச் சொல்லவில்லை.)

இந்தக் கதைக்கு ஏன் அந்த வயது? சிறுகுழந்தையாக இருந்தால் இரண்டு சான்றிதழ்களும் அதன் கண்ணில் பட்டிருக்காது. வளர்ந்தவனாக இருந்தால் அப்பாவிடம் நேரே போய்க் கேட்டிருப்பான். இடைப்பட்ட வயதுக்காரனுக்குத் தெரிகிறது, ஆனால் கேட்க முடியவில்லை. கேட்டால் வீடு இப்போதிருப்பதுபோல் இருக்காது என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பெரியவர்கள் மறைப்பதைக் கண்டுகொள்கிறான். கண்டுகொண்டதைத் தன்னிடமிருந்தே மறைக்கப் பழகுகிறான். இளையோர் உளவியல் த்ரில்லருக்குத் தனியாக ஒரு கரு உண்டென்றால் அது இதுதான். கொலை, கடத்தல், அநாமதேயக் கடிதம் எல்லாம் இதற்கு அப்புறம்.

லோயிஸ் டங்கன் 1973இல் எழுதிய ‘ஐ நோ வாட் யூ டிட் லாஸ்ட் சம்மர்’ நாவலில் நான்கு பேர் போன கார், இரவில் சைக்கிளில் வந்த சிறுவன்மீது மோதிவிடுகிறது. நிற்காமல் போய்விடுகிறார்கள். வெளியே சொல்வதில்லை என்று தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார்கள். அந்த மௌனம் நால்வரையும் ஆளுக்கொரு விதமாக அரிப்பதுதான் நாவல். அந்த நால்வரில் ஒருவரும் சாவதில்லை. 1997இல் வந்த படம் அதைக் கொக்கியோடு துரத்திக் கொல்லும் கதையாக்கிவிட்டது. டங்கனுக்கு அது பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். அவருடைய மகள் 1989இல் கொலை செய்யப்பட்டிருந்தாள். அவருக்கு அந்தப் படம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் பெண்ணும் அந்த நால்வரின் சாதிதான். அவளுக்குப் போய் ‘பிளவுபட்ட ஆளுமை’ எதற்கு? மருத்துவர் வந்து நோயின் பெயரைச் சொன்னதும் அவளுடைய குற்றவுணர்வு ஆவியாகிவிடுகிறது. போதாததற்கு, மனநோய் உள்ளவர்கள் ஆபத்தானவர்கள் என்ற பழைய பயத்தை உங்கள் மாணவிகளுக்கு நீங்களே ஊட்டுகிறீர்கள். வகுப்பில் மாத்திரை சாப்பிடும் பிள்ளை ஒருத்தி இருந்தால் அவளும் இதைப் படிப்பாள். மருத்துவரை வெட்டிவிடுங்கள்.

‘தூங்கிவிட்டேன்’ என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். பத்து மணி மணியடித்ததுவரை எழுதுங்கள். அடுத்த வரியில் காலைக் குழாயடி வரிசைக்கு வந்துவிடுங்கள். நடுவில் ஓர் இரவு காணாமல் போனதை முதல் வாசிப்பில் யாரும் கவனிக்க மாட்டார்கள். அப்புறம் அவள் துவைத்த துணியை மாடிக்குக் கொண்டுபோகாமல் அறைக்குள் கட்டில் கம்பியில் உலர்த்தட்டும். சீருடையில் முடைநாற்றம் அடிப்பதாகப் பக்கத்திலிருப்பவள் முகம் சுளிக்கட்டும். காரணம் கேட்டால், மாடியில் குரங்குத் தொல்லை என்று சொல்லட்டும். இந்தப் பொய் அவளுக்குத் தேவை, தாராளமாகச் சொல்லலாம்.

இருட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கார்மியர் அந்த நாவலில் ஆடமின் தோழியுடைய தொலைபேசி எண்ணாகத் தன் வீட்டு எண்ணையே அச்சிட்டிருந்தார். பிள்ளைகள் அந்த எண்ணுக்கு அழைத்தார்கள். அவர் எடுத்துப் பேசினார். இருட்டான கதை எழுதுபவருக்கு இந்தப் பொறுப்புப் போதும் என்று நினைக்கிறேன். உங்கள் வாசகிகள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், உங்களுக்கு எண்கூட வேண்டாம்.

ஒன்றே ஒன்று. இறந்த பெண்ணின் அம்மா டிரங்குப் பெட்டியை எடுத்துப்போக விடுதிக்கு வருகிறார். பிரதியில் அவரை இரண்டே வரியில் அனுப்பிவிட்டீர்கள். எனக்கு அங்கே ஒரு முழு அத்தியாயம் வேண்டும். அந்த அம்மா எதையும் சந்தேகப்படத் தேவையில்லை. மகள் அன்று சாப்பிட்டாளா, கடைசியாக என்ன பேசினாள் என்று மட்டும் கேட்கட்டும். உங்கள் பெண் பதில் சொல்லியாக வேண்டும். அதை எழுதி முடித்ததும் அந்த அத்தியாயத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள்.