பாட்டுச் சத்தம் போதாதா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் விலங்கியலில் முனைவர் பட்ட ஆய்வுக்காகப் பூம்பாறையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். விடியும் முன்பே சோலைக்காட்டுக்குள் போய்ப் பறவைக் கூடுகளைத் தேடுகிறாளாம். ஒரு பறவை பாடினாலே அது அங்கே நன்றாக வாழ்கிறது என்றுதானே அர்த்தம்? அதை எண்ணி எழுதினால் போதாதா?
- ஒரு தந்தை, வத்தலக்குண்டு

பதில்: ஐயா, கல்யாண வீட்டு மைக்செட்டைக் கேட்டுவிட்டுப் பேரப்பிள்ளைகள் எத்தனை என்று சொல்லிவிட முடியுமா? பாடுவது பெரும்பாலும் ஆண். 'இது என் இடம், துணை வேண்டும்' என்பதுதான் அந்தப் பாட்டு. துணை கிடைக்காத ஆண் சில இனங்களில் இன்னும் அதிகமாகவே பாடும். பாட்டை மட்டும் எண்ணினால், ஒரு குஞ்சுகூடப் பறக்காத இடமும் நோட்டில் செழிப்பாகத் தெரியும்.

பூம்பாறை இருக்கும் பழனி மலையில் இது சின்ன விஷயம் இல்லை. பழைய புல்வெளிகளில் பெரும்பகுதி வாட்டில், பைன், யூகலிப்டஸ் தோப்பாகிவிட்டது. வாட்டிலுக்கு அடியில் சோலைச் செடிகள் முளைத்த இடங்களில் சில சோலைப் பறவைகளும் தென்படுகின்றன. அங்கே குடும்பம் தழைக்கிறதா, ஏமாந்து குடியேறுகின்றனவா என்பதைக் கூடுதான் சொல்லும். வெண்வயிற்றுச் சோலைக்கிளி (பெயரில்தான் கிளி, ஆள் நீலநிறச் சிறு குருவி) மரப்பொந்திலோ மண்திட்டின் பொந்திலோ முட்டையிடும், வழக்கமாக 2. கறுப்பும் ஆரஞ்சுமான ஈப்பிடிப்பானோ தாழ்ந்த புதரில் காய்ந்த இலைகளால் பந்து மாதிரிக் கூடு கட்டும். ஒன்றுக்குக் கிழட்டு மரமோ மண்திட்டோ வேண்டும், இன்னொன்றுக்கு அடர்ந்த அடிப்புதர். இந்த ஈப்பிடிப்பானை ஆராய்ந்தே, பறவையியல் அறிஞர் சலீம் அலியின் மாணவராக, வங்கதேசத்து ரேசா கான் 1970களில் முனைவர் பட்டம் வாங்கினார். அவர் அலைந்தது நீலகிரிச் சோலைகளில்.

சரி, கூடுகளை எண்ணினால் போதுமா என்றால் அதிலும் சிக்கல் இருக்கிறது. கட்டிய இரண்டாம் நாளே பாம்போ அணிலோ காலி செய்த கூடு உங்கள் மகளின் கண்ணில் படவே படாது. குஞ்சுக்கு இறகு முளைத்த பிறகு கண்டுபிடித்த கூடோ ஏற்கெனவே பாதி ஆபத்தைத் தாண்டியது. இரண்டையும் யோசிக்காமல் கூட்டினால் வெற்றிக் கணக்கு ஏறிவிடும். 1961இல் ஹெரால்ட் மேஃபீல்ட் என்ற அமெரிக்கர் இதற்கு வழி சொன்னார்: கூடுகளை எண்ணாதே, கூடு கண்காணிப்பில் இருந்த நாட்களை எண்ணு. எல்லாக் கூடுகளையும் சேர்த்து 200 நாள் பார்த்ததில் 8 கூடு அழிந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு நூற்றுக்கு 4 இழப்பு. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் முட்டையிலிருந்து பறப்பதுவரை 28 நாள் ஆகும் என்றால் 0.96ஐ 28 முறை பெருக்க வேண்டும். வருவது 0.32. பத்துக் கூட்டில் மூன்றுதான் தேறும்.

கொடைக்கானல் சாலையில் வண்டி நகராத கோடை சீசன்தான் குருவிகளுக்கும் சீசன். சித்திரைத் திருவிழாவுக்கு மகள் வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். தனியாகச் சோலைக்குள் போக வேண்டாம் என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பனிமூட்டத்தில் காட்டுமாடு பத்தடி தூரத்தில் நின்றாலும் தெரியாது. பாதை அறிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் கூட இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் பள்ளி வேலியில் மீசைச் சின்னான் (புல்புல் குருவி) கூடு கட்டியிருக்கிறது. மாணவர்களைக் கூட்டிப்போய்ப் படம் எடுக்கலாமா?
- ஓர் ஆசிரியை, கோத்தகிரி

பதில்: வேண்டாம் டீச்சர். கும்பல் போய் நிற்கும் இடத்தை மரத்து மேலிருக்கும் காக்கை குறித்துக்கொள்ளும். நீங்கள் மிதித்த தடம் கூட்டோடு முடிந்தால் பூனைக்கும் வழி காட்டியதாகிவிடும். ஆய்வாளர்களே கூட்டருகே நிற்காமல் தாண்டிப் போய், வேறு வழியாகத் திரும்புவார்கள். கழியில் கட்டிய கண்ணாடியால் ஒரு நொடி எட்டிப்பார்ப்பதோடு சரி. காட்டுப் பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்ற கணக்கில்தான் வைக்கிறது.

வகுப்பு ஜன்னலிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். தாயும் தந்தையும் வாயில் புழுவோடு வர ஆரம்பித்த தேதியை எழுதிவைக்கட்டும். குஞ்சுகள் பறந்துபோன பிறகு கூடு எவ்வளவு உயரத்தில் இருந்தது, எந்தச் செடியில் இருந்தது என்று அளந்து குறித்துக்கொள்ளலாம்.