துரு, பட்டி, பெயிண்ட்: வாசகர் கேள்வி-பதில்

என் 2008 மாடல் மாருதி 800-இன் கதவுகளில் அடிப்பக்கம் பெயிண்ட் கொப்பளித்து நிற்கிறது. பட்டி வைத்து அடித்துத் தருகிறேன், கதவுக்கு இரண்டாயிரம் என்கிறார் பட்டறைக்காரர். கொடுக்கலாமா?
– வாசகர், பாலக்கோடு

என்ன வேலை செய்யப்போகிறார் என்று கேட்காமல் கொடுக்காதீர்கள். கதவின் அடியில் வரும் கொப்புளம் பெரும்பாலும் உள்ளேயிருந்து வருவது. கண்ணாடி ஓரமாக இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேற, கதவின் அடியில் சிறு ஓட்டைகள் உண்டு. அதில் மண் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே நின்று தகட்டை அரிக்கும். முதலில் ஒரு கம்பியை விட்டு அந்த ஓட்டைகளைக் குத்தித் திறக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் பட்டி, அதாவது பள்ளம் நிரப்பும் பசை. துருவைச் சுரண்டாமல் அதன்மேல் பட்டியை அப்பி, தேய்த்து, பளபளவென்று அடித்துக் கொடுப்பதைப் போல என்னைக் கோபப்படுத்தும் வேலை வேறு இல்லை. பட்டி ஈரத்தை உறிஞ்சும். அடியில் துரு இருந்தால் அந்த ஈரமே அதை வளர்க்கும். பணம் கொடுத்தவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. தெரியும்போது பட்டறைக்காரர் "அது வேற இடம் சார்" என்பார்.

முறையான வேலை இப்படி: கொப்புளத்தைத் தாண்டி நல்ல பெயிண்ட் இருக்கும் இடம் வரை சுரண்ட வேண்டும். வயர் பிரஷ், பிறகு 80 நம்பர் உப்புத்தாள், பிறகு 180 என்று தேய்த்துத் தகடு வெள்ளையாக மின்ன வேண்டும். குழிகளில் கறுப்புப் புள்ளி மிச்சம் இருந்தால் அதுவும் துருதான். தின்னர் துணியால் துடைத்து, அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சு. பட்டி தேவைப்பட்டால் அந்தப் பிரைமருக்கு மேல், மெல்லிசாக. வெறும் தகட்டைத் தண்ணீர் விட்டுத் தேய்க்க விடாதீர்கள். நம் பக்கத்தில் பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பு. காய்வதற்குள் தகட்டில் சிவப்பாகத் துரு படர்ந்துவிடும். ஸ்குரூ டிரைவரால் அழுத்தினால் தகடு உள்வாங்குகிறதா? அங்கே பட்டிக்கு வேலையே இல்லை. வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்ய வேண்டும்.

பேரம் பேசும்போதே ஒன்று சொல்லிவிடுங்கள்: "பிரைமர் அடிக்கும் முன்னாடி கூப்பிடுங்க, வந்து பார்க்கிறேன்." நல்ல டிங்கர் இதற்குச் சந்தோஷப்படுவார். முகம் சுளித்தால் வண்டியைத் திருப்பி ஓட்டி வந்துவிடுங்கள்.

துருவுக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா? ஜீரோ டெப் போட்டிருக்கிறேன்.
– வாசகர், ஊத்தங்கரை

கிடைக்காது. ஜீரோ டெப் என்பது விபத்தில் மாற்றும் பாகங்களின் மதிப்புக் குறைவைக் கழிக்காமல் தருவதுதான். ஓட ஓடத் தேய்வதும் துருவும் அதில் வராது.

ரஸ்ட் கன்வெர்ட்டர் என்று ஒரு பாட்டில் விற்கிறார்கள். தடவினால் துரு கறுப்பாக மாறி நின்றுவிடும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், அரூர்

பாதி உண்மை. அதில் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ இருக்கும். மெல்லிய, தகட்டோடு ஒட்டிய துருவை அது வேறு சேர்மமாக மாற்றும். செதில் செதிலாக உதிரும் துருவில் மேல்பக்கம்தான் மாறும், அடியில் அரிப்பு தொடரும். எனவே சுரண்டிய பிறகு, கை போகாத மூலைகளுக்கு மட்டும். பாட்டிலில் சொன்ன நேரம் காயவிட்டு, மேலே பிரைமரும் பெயிண்டும் கட்டாயம்.

டச்சப் ஸ்பிரே ஆன்லைனில் வாங்கினேன். வெள்ளை வண்டிக்கு வெள்ளைதான் வாங்கினேன், ஒட்டுப்போட்ட மாதிரி தெரிகிறது. கம்பெனி மேல் புகார் செய்யலாமா?
– வாசகர், ஓசூர்

எந்த வெள்ளை? ஒரே கம்பெனியிலேயே பல வெள்ளைகள் உண்டு. உங்கள் வண்டியின் கலர் கோடு, அதாவது நிறக் குறியீடு, பெரும்பாலும் பானெட்டுக்குள்ளோ கதவுத் தூணிலோ உள்ள தகட்டில் இருக்கும். அதைப் பார்க்காமல் ஆர்டர் போட்டுவிட்டு யார் மேல் புகார்? குறியீடு சரியாக இருந்தாலும் வெயிலில் வெளுத்த பழைய பெயிண்டோடு புதுசு சேராது. கடையில் வண்டியைக் காட்டிக் கலர் கலக்கி வாங்குங்கள்.

கணவர் இறந்த பிறகு அவருடைய காரைச் சரிசெய்யக் கொடுத்தேன். துரு எடுத்து முழு பெயிண்ட் என்று 38,000 வாங்கினார்கள். நான்கு மாதத்தில் மட்கார்டு முழுக்கக் கொப்புளம். போன் எடுப்பதில்லை. பில்லும் தரவில்லை.
– வாசகி, கிருஷ்ணகிரி

அம்மா, பில் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, வண்டியை விட்ட தேதியில் எடுத்த படம் எல்லாம் சாட்சிதான். இன்றைக்கே கொப்புளங்களைப் படமெடுத்து வையுங்கள். வேறொரு பட்டறையில் ஓர் இடத்தைச் சுரண்டிக் காட்டச் சொல்லி, பட்டிக்கு அடியில் துரு இருந்தால் அதையும் எடுங்கள். அந்த இரண்டாவது பட்டறைக்காரரிடம் அதை எழுத்தில் வாங்கி வையுங்கள். பிறகு பணம் வாங்கிய பட்டறைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ், 15 நாள் அவகாசம். பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகாரைப் பதிந்து வையுங்கள். பணத்தையும் கேளுங்கள், அலைச்சலுக்கு நஷ்ட ஈடும் கேளுங்கள்.

வெள்ளை வேனை நீலமாக அடிக்கலாமா?
– வாசகர், காரிமங்கலம்

ஆர்டிஓ அலுவலகத்தில் நிற மாற்றத்தை ஆர்சியில் ஏற்றினால்தான்.

பழைய ஆம்னி பார்த்திருக்கிறேன். அடிப்பக்கம் புதிதாகக் கறுப்புக் கோட்டிங் அடித்து அருமையாக இருக்கிறது. அட்வான்ஸ் கொடுத்துவிடவா?
– வாசகர், பென்னாகரம்

விற்பதற்கு முன் எதற்காகப் புதிதாக அடித்தார்கள் என்று யோசித்தீர்களா? எனக்கு ஒரு தரகர் விற்ற ஆம்னியிலும் இதே கறுப்புக் கோட்டிங்தான். தரை விரிப்பைத் தூக்கினால் டிரைவர் காலுக்குக் கீழே தகரத்தை வைத்து, மேலே தாரைப் பூசியிருந்தார்கள். அந்தத் தரையை மாற்றக் கொடுத்த பணம் இன்னும் உறுத்துகிறது. நீங்கள் பகல் வெளிச்சத்தில் போங்கள். தரை விரிப்பைத் தூக்குங்கள், ஸ்டெப்னி இருக்கும் இடத்தைப் பாருங்கள், பேட்டரி தட்டைப் பாருங்கள். சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் அடியிலும் மட்கார்டிலும் நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி தடிமனாக இருக்கிறது. ஜாக்கி வைக்கும் இடத்தில் தகடு நொறுங்கினால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.